பாலிஷ் போடாத மோதிரம்

ஜனவரி 8

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். எதிராளி நலமாக இருந்தால்தான் சண்டை சுவாரசியப்படும் என்பதால், நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று போனில் நாம் பேசியது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் பேசும்போது நான் பேசினேன், நான் பேசும்போது நீங்கள் பேசினீர்கள், இருவருக்கும் நடுவில் பட்டறையின் பாலிஷ் மோட்டார் பேசியது. 'சரி, வச்சிடறேன்' என்று நீங்கள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. என் மனைவிதான் இந்த வழியைச் சொன்னாள். இப்படியே போனில் பேசிக்கொண்டிருந்தால் கல்யாணம் நின்றுவிடும், கடிதம் போடுங்கள், ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் ஆரம்பிக்க முடியும் என்றாள். சரியென்று பட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளும் உங்கள் மகனும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளப்போகும் மோதிரங்களை நான் என் கையால் செய்வதாக ஏற்பாடு. அதில் உங்களுக்கு மறுப்பில்லை. எதில் செய்வது, எப்படி முடிப்பது என்பதில்தான் இழுபறி. நான் தங்கம் என்கிறேன். மஞ்சளாக, குனிந்து பார்த்தால் முகம் தெரிகிற மாதிரிப் பாலிஷ் போட்டு. நீங்களோ, மாப்பிள்ளைக்கு எப்படியோ, பெண்ணுக்கு வெள்ளையாக, மினுக்கம் இல்லாமல் வேண்டும் என்கிறீர்கள். மினுங்காத நகையைச் செய்ய நகை வேலைக்காரன் எதற்கு, கொல்லனிடமே போகலாமே.

கடையில் விற்கும் வெள்ளைத் தங்கத்தை நம்பாதீர்கள். மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூசியிருப்பார்கள். பூச்சு தேய்ந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். சிலதில் நிக்கல் கலந்திருக்கும், விரல் அரிக்கும். பிளாட்டினம் நல்ல உலோகம், குறை சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டுப் பெண்ணுக்கு என் வீட்டுத் தங்கம் இருக்க அது எதற்கு?

இத்துடன் மாதிரிக்கு இரண்டு மோதிரங்கள் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கட்டும். பளபளப்பைப் பார்த்த பிறகு நீங்களே மனம் மாறுவீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 17

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

வணக்கம். நலமாகத்தான் இருந்தேன், பார்சல் வரும்வரை.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல் செய்து அனுப்புவேன். உங்களைப் போலவே மெழுகில் உருச்செய்து, உலோகத்தை உருக்கி வார்க்கிறவள்தான் நானும். உங்கள் வேலை விரலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, என் வேலை வாய்க்குள் மூன்று வேளையும் உழைக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த உலோகம் கைக்கு வந்தாலும் சோதித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பையனிடம் கொடுப்பதற்கு முன் அவன் மோதிரத்தை எடுத்து, உள்பக்கம் அரத்தால் லேசாக ஒரு கீறு கீறி, ஒரு சொட்டு அமிலம் விட்டேன். பச்சையாகப் பொங்கியது. பித்தளை.

சம்பந்தி, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? ஊரார் பல்லைக் கட்டி வளர்த்த பிள்ளை அவன். அவனுக்குப் பித்தளையா? என் வீட்டுத் தங்கம், என் வீட்டுத் தங்கம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, உறைக்குள் வைத்தது இதைத்தானா?

அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற நிலையில் இல்லை. அந்த மினுக்கத்தில் மயங்கிப்போய்க் கிடக்கிறான். நீச்சல் சொல்லிக்கொடுக்கக் குளத்தில் இறங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. இங்கே பேக்கரியில் வேலை பார்க்கும் உங்கள் மகளோ தன்னுடையதை வாங்கி, 'நல்லா இருக்கு' என்று சொல்லி, பேக்கரி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

விளக்கம் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஜனவரி 25

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், பட்டறையில் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பித்தளை என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள்.

முதலில் பித்தளையில் செய்து, போட்டுப் பார்த்து, அளவும் அகலமும் சரி என்று தெரிந்த பிறகே தங்கத்தில் கை வைப்போம். எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். மாதிரி என்று எழுதினால் பித்தளை என்றுதான் அர்த்தம். உலோகத்தோடு புழங்குகிறவர், பார்த்ததும் தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன். நீங்கள் பார்க்கவே இல்லை, நேராக அமிலத்துக்குப் போய்விட்டீர்கள். நல்லவேளை, நான் நேரில் வரவில்லை. என் மேலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருப்பீர்கள்.

மாப்பிள்ளையின் விரல் பச்சையாகும். குளத்துத் தண்ணீரில் போடும் மருந்து பித்தளையைச் சும்மா விடாது. பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டால் போய்விடும்.

ஒன்று கவனித்தீர்களா? மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. என் மகளும் போனில் என்னிடம் 'நல்லா இருக்குப்பா' என்றாள். போட்டுக்கொள்ளப்போகும் இருவருக்கும் சம்மதம். போட்டுக்கொள்ளாத ஒருவர் மட்டும் குறுக்கே நிற்கிறார். யார் என்று நான் சொல்லவில்லை.

மஞ்சள், கண்ணாடிப் பாலிஷ். வேலையை ஆரம்பிக்கட்டுமா?

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 3

அன்புள்ள சம்பந்திக்கு,

பித்தளை விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். விரல் பச்சையாகித்தான் இருக்கிறது. நீச்சல் பழக வரும் பிள்ளைகள் அவனைத் 'தவளை மாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்களாம். அப்படியும் கழற்ற மாட்டேன் என்கிறான். அவனுக்கு மஞ்சளாகவே, மினுமினுவென்றே செய்து கொடுங்கள்.

பெண்ணுடையதை மட்டும் வெள்ளையாக, மினுக்கம் இல்லாமல் செய்யுங்கள். அவள் நாள் முழுக்க மாவு பிசைகிறாள். அடுப்புத் தட்டுகள் உரசுகிற இடத்தில் உங்கள் கண்ணாடிப் பாலிஷ் எத்தனை நாளைக்கு முகம் காட்டும்? பூ வேலை, செதுக்கு வேலை எதுவும் வேண்டாம். மாவு போய் அடைந்துகொண்டால் எடுக்கப் பல் துலக்கும் பிரஷ்தான் வேண்டும். ஓரமெல்லாம் மழுங்கலாக, மேலே நேர்கோடாகக் கம்பி பிரஷ் ஓட்டியது போன்ற மங்கல் போதும். கீறல் விழுந்தாலும் அதில் தெரியாது.

இது முழுக்க என்னுடைய விருப்பம். நான் பிடிவாதக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 9

சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் கோபம் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்குப் பிடித்தால் மஞ்சள், பெண்ணுக்கு மட்டும் உங்கள் விருப்பமா? அவள் இன்னும் மருமகளாக உங்கள் வீட்டு வாசப்படி ஏறவில்லை, அதற்குள் அவள் விரலில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அவளிடம் கேட்கக்கூடக் கூடாது என்கிறீர்கள். என் மகள் மினுங்கினால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

நான் ஏன் மஞ்சள் என்று மல்லுக்கு நிற்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்தபோது நான் சொந்தமாக வாங்கிய முதல் தங்கத்தில் அவளுக்கு ஒரு ஜோடித் தோடு செய்தேன். கடுகளவு. வளர்ந்ததும் அதை உருக்கி, கொஞ்சம் சேர்த்துப் பெரிய தோடாக்கினேன். பிறகு அதையும் உருக்கிச் சங்கிலி. சங்கிலி கழுத்துக்குச் சின்னதானதும் கைச்சங்கிலி. ஒரே தங்கம்தான், அவள் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது. வேறு எந்தத் தங்கத்தையும் அவள் உடம்பில் நான் போட்டதில்லை. பேக்கரி வேலைக்கு உங்கள் ஊருக்கு வரும்போது, மாவு வேலைக்கு ஆகாது என்று கைச்சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது பட்டறை இழுப்பறையில் கிடக்கிறது. நான் தினமும் இழுப்பறையைத் திறக்கிறவன்.

அதுதான் மோதிரமாக வேண்டும். அவளிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எனக்காகத் தலையாட்டிவிடுவாள். பிடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும், எனக்காகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கு வெள்ளைதான் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வெறும் விருந்தாளியாக வந்து, கைதட்டிவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்


பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் வந்தது, போய்விட்டது. இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம். அவளுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். நீங்கள் காட்டிக்கொடுக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வெள்ளையாக, மங்கலாக வேண்டும் என்றது நான் இல்லை. உங்கள் மகள்.

நிச்சயம் முடிந்த வாரம் என் லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பல்லுக்கு மெழுகு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அப்பா செய்யற நகை எனக்கு முன்னாடியே உள்ள போயிடும் அத்தை. எல்லாரும் முதல்ல அதைப் பாப்பாங்க, அப்புறம்தான் என்னை. எனக்குச் சத்தம் போடாத மோதிரம் ஒண்ணு இருந்தா போதும்." இதை அப்பாவிடமே சொல்லிவிடு என்றேன். கண் கலங்கிவிட்டாள். மினுக்கம் வேண்டாம் என்று சொன்னால், அப்பாவையே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார் என்றாள். அதனால்தான் நான் பிடிவாதக்காரி வேஷம் போட்டேன். மாமியார் என்றால் பிடிவாதம் என்று ஊரே நம்பும், நீங்களும் நம்பினீர்கள்.

பித்தளை மோதிரத்தை அவள் போட்டுப் பார்க்கவே இல்லை. இன்னும் ஏப்ரன் பையில்தான் இருக்கிறது. தினமும் ஏப்ரன் துவைக்கும்போது எடுத்து வைத்து, காய்ந்ததும் திரும்பப் பைக்குள் போடுகிறாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 27

சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் போடத் தாமதம். வேலை அதிகம் என்று எழுதலாம், பொய். மனசு சரியில்லை.

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "சின்ன வயசுலயே கைச்சங்கிலியைத் திருப்பித் திருப்பித்தானே போட்டுப்பா, நீங்க பாத்ததில்லையா?" என்றாள்.

பார்த்திருக்கிறேன் அம்மா. நன்றாகப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் பாலிஷ் போடாமல் அரம் போட்டதோடு விட்டிருப்பேன். மங்கலாக இருக்கும். அந்தப் பக்கம் எப்போதும் வெளியே தெரியும். கொக்கி சரியில்லாததால் சங்கிலி புரண்டுகொள்கிறது என்று நினைத்து, கொக்கியை மாற்றினேன். திரும்பவும் புரண்டது. அதைவிடக் கனமான கொக்கி வைத்தேன். அவளும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் வேண்டுமென்றே திருப்பிப் போடுகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமும் கொக்கியையே பழுது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடையில் அவளுக்குப் பிடித்ததாக வாங்கிக் கொடுங்கள். வருத்தத்தோடு சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். மாப்பிள்ளைக்கு மட்டும் நான் செய்கிறேன். அந்தத் தங்கம் இழுப்பறையிலேயே இருக்கட்டும், அதைத் திருப்பி வெள்ளையாக்க என்னால் முடியாது.

உங்கள் சம்பந்தி


மார்ச் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்களால் முடியாது. என்னால் முடியும்.

தங்கத்தில் பல்லேடியம் என்ற வெள்ளை உலோகத்தைச் சேர்த்தால் மஞ்சள் போய்விடும். பூச்சு இல்லை, நிக்கல் இல்லை, தேய்ந்தாலும் உள்ளே அதே நிறம். பளீர் வெள்ளையாக இருக்காது, மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் வெள்ளை. எத்தனையோ பேர் வாய்க்கு நான் இதில் பல் வார்த்துக் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் பெயரிலேயே பல் இருக்கிறது என்று என் பையன் கிண்டல் செய்வான். உங்களுக்கும் இந்தக் கலவை தெரிந்திருக்கும். ஆனால் உங்கள் பட்டறையின் கேஸ் சுடருக்கு அந்தச் சூடு எட்டாது. என் வார்ப்பு மெஷினுக்கு எட்டும்.

உங்கள் தங்கம் எங்கேயும் போகாது. நிறம்தான் மாறும். தோடு சங்கிலியானபோது தோடு போய்விட்டது என்று அழுதீர்களா?

கைச்சங்கிலியை எடுத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள். பாதியை வெள்ளையாக்கி அவளுக்கு. மீதிப் பாதியை மஞ்சளாகவே பையனுக்கு. குளத்து மருந்து தொடுவது கலப்பு அதிகமான தங்கத்தைத்தான், உங்களுடையதை ஒன்றும் செய்யாது. சாயங்காலம் வரைக்கும் அவள் பேக்கரியில் இருப்பாள். தெரியாமல் வந்து தெரியாமல் போய்விடலாம்.

வரும்போது கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் கேட்பார்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 19

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் லேபில் எத்தனை சுத்தம். என் பட்டறையைப் பார்த்தால் நீங்கள் வாசலோடு திரும்பிவிடுவீர்கள்.

கைச்சங்கிலியை வெட்டி, உருக்கும் மூசைக்குள் போட்டபோது என் கை நின்றுவிட்டதைப் பார்த்தீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றீர்களே, அதற்கு நன்றி. மஞ்சள் உருகி, உங்கள் பல்லேடியத்தோடு சேர்ந்து நிறம் மாறியதை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். தொழிலில் இத்தனை காலம் இருந்தும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அழகுதான் அம்மா. ஒப்புக்கொள்கிறேன்.

உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பஸ் ஏறும் முன் பேக்கரித் தெருவுக்குப் போனேன். எதிர்ப்பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முழங்கை வரை மாவு, கையில் ஒன்றும் இல்லை. உருண்டையை அமுக்கி, திருப்பி, மறுபடி அமுக்கினாள். வாசலில் நின்ற ஜனங்களும் என்னைப் போலவே அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைக்கு மினுக்கம் எதற்கு என்று எனக்கே தோன்றிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவரை அனுப்பி ஒரு ரொட்டி வாங்கி, பஸ்ஸிலேயே பாதியைத் தின்றுவிட்டேன்.

இனி, உங்கள் லேபில் வார்த்து நான் கொண்டுவந்த மோதிரங்களின் கதை. மாப்பிள்ளையுடையது ஒரே நாளில் முடிந்தது, முகம் பார்க்கலாம். அவளுடையதுதான் படாதபாடு படுத்திவிட்டது. அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, கம்பி பிரஷ்ஷை ஒரே திசையில் ஓட்டி முடித்தேன். அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரியவில்லை. மோட்டார் பக்கத்திலேயே இருக்கிறது, கை தானாகப் போகிறது. ஒரு தடவை லேசாகக் காட்டிவிட்டேன், ஒரு ஓரம் பளிச்சென்றாகிவிட்டது. உப்புத்தாளை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது தடவையும் அதே கதை. என் மனைவி வந்து, பாலிஷ் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் முடிந்தது. முடிந்தது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. எனக்கு அது பாதியில் விட்ட வேலையாகவே தெரிகிறது. இரண்டும் இத்துடன் வருகின்றன. அது எந்தத் தங்கம் என்று அவளிடம் முதலில் சொல்லாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

மாப்பிள்ளையுடையதை அமிலத்தில் போடாதீர்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 28

அன்புள்ள சம்பந்திக்கு,

அமிலத்தில் போடவில்லை. உரைகல்லில் மட்டும் லேசாக உரசினேன். பழக்கதோஷம், மன்னியுங்கள். நல்ல தங்கம்.

நேற்று பேக்கரி முடிந்து வந்தவளிடம் டப்பியைக் கொடுத்தேன். கடையில் வாங்கியதா, அப்பா அனுப்பியதா என்று எதுவும் சொல்லவில்லை. திறந்தாள். எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். உங்கள் கைவேலை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது அவளுக்கு, எப்படி என்று கேட்காதீர்கள். விரலில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் கேட்டாள்: "பாலிஷ் போடாம நிறுத்திட்டாரா அத்தை?"

ஆமாம் என்றேன்.

"வீட்டுல தண்ணிக் குழாயைக்கூட விடமாட்டார். தேய்ச்சுத் தேய்ச்சு முகம் பாக்கற மாதிரி ஆக்கிடுவார். எனக்காக நிறுத்திட்டாரா?" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். அது பரவாயில்லை.

பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் தங்கத்தின் கதையைச் சொன்னேன். கழற்றி, உள்பக்கத்தைக் காதோரம் கொண்டுபோனாள், அந்தக் கடுகுத் தோடு இருந்த இடத்தில். பையன் தன் மோதிரத்தைப் பார்த்துவிட்டு, அப்படியானால் நான் போட்டிருப்பதும் இவளுடைய தோடுதானா என்று கேட்டான். ஆமாம், பத்திரம், குளத்தில் தொலைத்தால் வீட்டுக்கு வராதே என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். மாவு பிசையும்போதும் கழற்றப்போவதில்லையாம்.

பித்தளை மோதிரங்கள் இரண்டும் இப்போது என்னிடம். நான் கீறிய கீறலோடு பையனுடையதை லேப் சாவியில் மாட்டிவிட்டேன். இன்னொன்றை அவள் தரமாட்டேன் என்றாள், பிறகு தந்தாள், பிறகு திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆக, ஒன்றுதான் என்னிடம்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் மனைவிக்கு இரண்டு தடவை. பதில் எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை.

இன்று சாயங்காலம் போன் செய்கிறேன். அவள் ஜன்னலோரம் நின்று கேட்டதை உங்கள் வாயால் இன்னொரு தடவை சொல்லுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன். மோட்டாரையும் நிறுத்தி வைத்திருப்பேன்.

உங்கள் சம்பந்தி